கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின், கப்பலில் காணாமல் போன மனிதர்: யார் இந்த ருடால்ஃப் டீசல்? வீட்டில் தயாரித்த எண்ணெய்க்கும் சாலை வரி ஏன்?

பெட்ரோல் பங்கில் நின்று டீசல் போடச் சொல்லும்போது, நாம் ஒரு மனிதரின் பெயரைத்தான் சொல்கிறோம். ருடால்ஃப் டீசல், ஜெர்மன் பொறியாளர். 1913-ல் ஓர் இரவு கப்பலில் ஏறியவர், மறுநாள் காலை அதில் இல்லை.

அவர் உருவாக்கிய எஞ்சினுக்கு ஒரு விசேஷம் உண்டு. கச்சா எண்ணெயில் இருந்து வரும் டீசல்தான் வேண்டும் என்று அது அடம்பிடிக்காது. கடலை எண்ணெய், சோயா எண்ணெய், வடை சுட்டு மிச்சமான எண்ணெயை வடிகட்டிப் பக்குவப்படுத்தியது என எதையும் எரித்து ஓடக்கூடியது. இதை நம்பி பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே எரிபொருள் தயாரித்து வண்டியில் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் வரித்துறை வந்து நின்றது: சாலை வரி எங்கே?

என் எண்ணெய், என் உழைப்பு, என் வண்டி. அப்புறம் அரசுக்கு எதற்கு வரி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது டீசலின் வாழ்க்கைக்கே கொண்டுபோய் விடுகிறது.

பாரிஸில் பிறந்த ஜெர்மன் பையன்

1858 மார்ச் 18-ம் தேதி பாரிஸில் பிறந்தார் ருடால்ஃப். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் இருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பா தியோடர், புத்தகங்களுக்கு பைண்டிங் போட்டு தோல் பொருட்கள் செய்தவர். வசதியான குடும்பம் இல்லை.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கும் கையில் காசில்லை. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுத் தலைவர் கிறிஸ்டோஃப் பார்னிக்கல் ஒரு கணித ஆசிரியர். பையனுக்கு அதுவே திருப்புமுனையாக அமைந்தது.

பள்ளியில் முதல் மாணவர். 1875-ல் உதவித்தொகையுடன் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். டைபாய்டு காய்ச்சலால் 1879-ல் எழுத வேண்டிய இறுதித் தேர்வைத் தவறவிட்டு, 1880 ஜனவரியில் எழுதினார். அதிலும் அபார மதிப்பெண்.

ஒரு வகுப்பு கிளப்பிவிட்ட கேள்வி

மியூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடி. இன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வெப்ப இயந்திரங்கள் பற்றி லிண்டே நடத்திய பாடத்தில் ஒரு விஷயம் டீசல் மனதில் தைத்தது. நல்ல நீராவி எஞ்சின்கூட, எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் 10-ல் 1 பங்கு அளவைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி எல்லாம் புகையாகவும் சூடாகவும் வீணாகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நீராவி எஞ்சின் பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். பாய்லர் வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும், பெரிய முதலீடு வேண்டும். அதனால் பெரிய ஆலைக்காரர்கள் இன்னும் பெரிதானார்கள். சின்னப் பட்டறை வைத்திருந்தவர்கள் கடையைச் சாத்தினார்கள். அப்பா கைத்தொழிலில் கஷ்டப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர் டீசல். தச்சர், நெசவாளர் போன்ற சிறு தொழிலாளி தன் பட்டறையிலேயே வைத்து ஓட்டும்படி சிக்கனமான எஞ்சின் வேண்டும் என்பது அவருடைய ஆசை.

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காக பாரிஸ் போனார். 1883-ல் மார்த்தா ஃபிளாஷேயைத் திருமணம் செய்தார். 3 குழந்தைகள். பகலில் ஐஸ், மிச்ச நேரத்தில் எஞ்சின் ஆராய்ச்சி. அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சின் ஒன்றை முயன்றபோது அது வெடித்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயமானது.

சைக்கிள் பம்ப் ஏன் சுடுகிறது?

அவருடைய யோசனை என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். ரொம்ப ரொம்ப அழுத்தினால்? அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை, ஸ்பார்க் பிளக் தேவையில்லை. டீசல் எஞ்சின் அவ்ளோதான்.

வெளியே இருந்து பொறி கொடுத்துப் பற்றவைக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு சட்டென ஆவியாகும் எரிபொருள் வேண்டும். அழுத்தத்தின் சூட்டிலேயே எரிக்கும் எஞ்சினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கனமான எண்ணெயும் எரியும். பின்னால் வந்த சமையல் எண்ணெய் சண்டைக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 பிப்ரவரியில் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

ஆகஸ்ட் 10, 1893: அன்று ஊற்றியது கடலை எண்ணெயா?

ஆகஸ்ட் 10-ம் தேதி உலக உயிரி எரிபொருள் நாள். நம் மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் இதைக் கடைப்பிடிக்கிறது. 1893-ல் டீசல் கடலை எண்ணெயில் எஞ்சினை ஓட்டினார், அதன் நினைவாகத்தான் இந்த நாள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லப்படுகிறது.

தேதி சரி. எண்ணெய்தான் தவறு.

1893 ஆகஸ்ட் 10-ம் தேதி ஆக்ஸ்பர்க்கில் டீசலின் முதல் சோதனை எஞ்சினில் எரிபொருள் முதன்முறையாகப் பற்றியது உண்மை. ஆனால் அன்று உள்ளே போனது பெட்ரோல். எஞ்சின் சொந்தமாக ஓடவும் இல்லை. தொழிற்சாலையின் பெல்ட்டை வைத்து வெளியே இருந்துதான் சுழற்றினார்கள். பற்றியபோது எழுந்த அழுத்தத்தில், மேலே பொருத்தியிருந்த அளவுகருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்த டீசல் தப்பினார்.

அழுத்தத்தாலேயே எரிபொருள் பற்றும் என்பது அன்று நிரூபணமானது. 1894 பிப்ரவரியில், திருத்திய எஞ்சின் சுமார் ஒரு நிமிடம் தன் பலத்தில் ஓடியது. அந்த ஒரு நிமிடத்தில் இருந்து உருப்படியான இயந்திரம் வர இன்னும் 3 வருடம் ஆனது.

1897: உலகம் திரும்பிப் பார்த்தது

1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் எஞ்சினை அதிகாரப்பூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அது. வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்கள் 10 சதவீதத்துக்கே திணறிய காலத்தில் இது பெரிய பாய்ச்சல்.

உரிமம் கேட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன. அமெரிக்காவில் பீர் தொழிலில் கொடிகட்டிப் பறந்த அடோல்ஃபஸ் புஷ், அந்த நாட்டுக்கான உரிமையை 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 40 வயதில் டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனா நிம்மதி வரவில்லை. உரிமம் வாங்கியவர்கள் செய்த ஆரம்பகால எஞ்சின்கள் அடிக்கடி பழுதாகின. இது டீசலின் சொந்தக் கண்டுபிடிப்பே இல்லை, காப்புரிமையில் எழுதியது ஒன்று, ஓடுவது வேறொன்று என்று எதிர்ப்பாளர்கள் எழுதினார்கள். தலைவலி, நரம்புத் தளர்ச்சி என்று 1898-லேயே சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. நிலத்திலும் எண்ணெய்த் தொழிலிலும் போட்ட பணம் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கியது.

கடலை எண்ணெய் உண்மையில் வந்தது எப்போது?

1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில். அங்கே டீசல் எஞ்சினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அதே கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. கச்சா எண்ணெய்ப் பொருளுக்காகவே செய்த எஞ்சின் அது. எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயை ஊற்றினார்கள். அது அவ்வளவு சாதாரணமாக ஓடியதால், என்ன எரிபொருள் என்பதைக் கவனித்தவர்களே குறைவு.

இது டீசலின் யோசனையும் இல்லை. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் நடந்தது. பிரான்ஸ் ஆண்ட ஆப்பிரிக்கப் பகுதிகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. அங்கே விளைவதைக் கொண்டே அங்கே எஞ்சின் ஓட்டினால், நிலக்கரியைக் கப்பலில் கொண்டுபோக வேண்டாம் என்பது அரசின் கணக்கு.

பின்னர் டீசல் தானும் இதைச் சோதித்துப் பார்த்தார். ரஷ்யாவில் ஆமணக்கு எண்ணெயை வைத்து நடந்த சோதனைகளையும் கவனித்தார். 1912-ல் லண்டனில் பொறியாளர்கள் முன் பேசும்போது, தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தெரிந்தாலும் ஒருநாள் பெட்ரோலியத்துக்கு இணையான இடத்தைப் பிடிக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். சூரியன் இருக்கும்வரை விவசாயி எரிபொருள் விளைவித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய பார்வை.

பட்டறைக்காரருக்காகத் தொடங்கிய கனவு, இப்போது விவசாயி வரை விரிந்திருந்தது. நடப்பு வேறு திசையில் போனது. அவர் எஞ்சினைப் பெரிய அளவில் வாங்கியவர்கள் மின் நிலையங்களும் கப்பல் நிறுவனங்களும் கடற்படைகளும்தான். 1912-ல் டென்மார்க்கின் சேலாண்டியா என்ற டீசல் கப்பல் கோபன்ஹேகனில் இருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டபோது உலகமே வியந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் டீசல் எஞ்சின் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கடைசி இரவு

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் டீசல். இங்கிலாந்தில் ஒரு நிறுவனக் கூட்டம். உடன் இரண்டு சகாக்கள். இரவு உணவு முடித்து, சுமார் 10 மணிக்கு அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த தடமே இல்லை. இரவு உடை எடுத்து வைத்தபடி இருந்தது. தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் பின்பக்கக் கம்பி அருகே மடித்து வைக்கப்பட்டிருந்தன.

சில நாட்கள் கழித்து, டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அடையாளம் தெரியாத அளவு சிதைந்திருந்ததால், பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். மூக்குக் கண்ணாடி உறை, பேனாக்கத்தி போன்ற அந்தப் பொருட்கள் அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் உறுதி செய்தார்.

புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பை கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கமும், வங்கிக் கணக்குகள் கிட்டத்தட்ட காலி என்று காட்டும் தாள்களும் இருந்தன. அவருடைய நாட்குறிப்பில் செப்டம்பர் 29-ம் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி.

கடன் சுமையால் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதே பெரும்பாலான வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எடுத்த முடிவு. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள் என்ற கதைகளும் அன்றில் இருந்து ஓடுகின்றன. அவற்றுக்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை.

தன் எஞ்சின் போட்ட லாரி விற்பனைக்கு வந்ததை டீசல் பார்க்கவில்லை. அது 1920-களில்தான் நடந்தது. மெர்சிடிஸ் பென்ஸின் முதல் டீசல் கார் 1936-ல் வந்தது.

வீட்டு எண்ணெய் வண்டிக்கு வந்த கதை

டீசலுக்குப் பிறகு கச்சா எண்ணெய் மலிந்தது. எஞ்சின்களும் அந்த மெல்லிய எரிபொருளுக்கு ஏற்ப மாறின. தாவர எண்ணெய் அதைவிடப் பல மடங்கு கெட்டி. அப்படியே ஊற்றினால் நாளடைவில் எஞ்சினில் பிசுக்குப் பிடிக்கும்.

1937-ல் பெல்ஜிய விஞ்ஞானி ஷவான் இதற்கு வழி கண்டார். எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்தால் கிளிசரின் பிரிந்து, மெல்லிய எரிபொருள் கிடைக்கும். பயோடீசல் என்று இன்று சொல்வது இதைத்தான். பாமாயிலில் இருந்து இப்படித் தயாரித்த எரிபொருளில் 1938-ல் பிரஸ்ஸல்ஸ், லூவேன் நகரங்களுக்கு இடையே பேருந்தே ஓடியது.

2000-க்குப் பிறகு டீசல் விலை ஏறியபோது, இதே முறையை மக்கள் வீட்டுக் கொட்டகையில் செய்யத் தொடங்கினார்கள். ஹோட்டலில் மிச்சமான எண்ணெயை வாங்கி, வடிகட்டி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து எரிபொருளாக்கினார்கள். வரித்துறை கண் திறந்ததும் அப்போதுதான்.

எந்த நாட்டில் என்ன நடந்தது?

• பிரிட்டன்: 2002-ல் தெற்கு வேல்ஸில் சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களைப் போலீஸ் பிடித்தது. புகையில் வந்த பொரித்த மீன் வாசனையே காட்டிக்கொடுத்தது. அப்போது முதல் லிட்டருக்கே வரி உண்டு. 2007 ஜூன் 30 முதல் விதி மாறியது. ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் தயாரித்தால் வரியும் இல்லை, பதிவும் வேண்டாம். ஆனால் எவ்வளவு தயாரித்தோம் என்ற கணக்கு வைத்திருக்கணும்.

• ஜெர்மனி: டீசலின் சொந்த நாட்டில் கலப்படமில்லாத தாவர எண்ணெய் எரிபொருளுக்கு வரியே இல்லாமல் இருந்தது. விவசாயிகள் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் விளைவித்து, சிறு செக்காலைகளில் ஆட்டி விற்றார்கள். 2006-ல் வந்த எரிசக்தி வரிச் சட்டம் அதைப் படிப்படியாக ஏற்றியது. 2013-ல் லிட்டருக்கு சுமார் 45 யூரோ சென்ட். சாதாரண டீசலுக்கான வரி 47 சென்ட். இரண்டுக்கும் வித்தியாசம் போனதும் வாங்குவோர் குறைந்தார்கள், பல சிறு ஆலைகள் மூடப்பட்டன.

• அமெரிக்கா: ஒரு கேலன் டீசலில், அதாவது சுமார் 3.8 லிட்டரில், 24.4 சென்ட் மத்திய வரி. பெரும்பகுதி நெடுஞ்சாலை நிதிக்குப் போகிறது. மாநில வரி தனி. 2007-ல் வட கரோலினாவில் சோயா எண்ணெயில் கார் ஓட்டிய ஒருவருக்கு, எரிபொருள் வரி கட்டாததற்காக 1,000 டாலர் அபராதம் விதித்தார்கள்.

நியாயம் யார் பக்கம்?

வீட்டில் தயாரிப்பவர் சொல்வது: நான் குப்பைக்குப் போக வேண்டிய எண்ணெயை எடுத்தேன், புது எண்ணெய் இறக்குமதி செய்யவில்லை, யாருக்கும் விற்கவில்லை.

அரசு சொல்வது: உங்கள் எண்ணெய்க்கு நாங்கள் வரி கேட்கவில்லை. அதையே வாணலியில் ஊற்றினால் எரிபொருள் வரி இல்லை. வண்டியில் ஊற்றி ரோட்டில் ஓட்டும்போதுதான் கேட்கிறோம். எந்த எண்ணெயில் ஓடினாலும் டயர் அதே அளவுதான் சாலையைத் தேய்க்கும்.

யோசித்தால் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. சிக்கல், வரியை வசூலிக்கும் இடத்தில்தான். யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று அளப்பது கடினமாக இருந்த காலத்தில், எரிபொருளை வைத்தே அதைக் கணக்கிட்டார்கள். பங்குக்கு வராமல் வீட்டிலேயே எரிபொருள் செய்பவர் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. இன்று மின்சார கார் விஷயத்தில் எல்லா நாடுகளும் முட்டி நிற்பது இதே இடத்தில்தான்.

நியூசிலாந்து இதை வேறு மாதிரி தீர்த்தது. அங்கே டீசல் வண்டிக்காரர்கள் 1,000 கிலோமீட்டர் என்ற கணக்கில் சாலைக் கட்டணம் முன்கூட்டியே கட்டுகிறார்கள். 1970-களின் கடைசியில் இருந்து இதுதான் முறை. டேங்கில் என்ன ஊற்றினாலும் கட்டணம் ஒன்றே. 2024 ஏப்ரல் முதல் மின்சார கார்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன.

பிரிட்டனின் 2,500 லிட்டர் விலக்கு இன்னொரு வழி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 37,500 கிலோமீட்டர். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். தொழிலாகச் செய்பவர் மட்டும் வரி கட்டுவார்.

நம்ம நாட்டில்?

இந்தியாவில் டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் வாட் என இரண்டு அடுக்கு. சாலைக்கான செஸ்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. பயன்படுத்திய சமையல் எண்ணெயை பயோடீசலாக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இது ஹோட்டல்களிடம் எண்ணெய் வாங்கி நிறுவனங்கள் தயாரிக்கும் ஏற்பாடு. வீட்டுக்கு வீடு செய்வதற்கானது அல்ல.

ஒரு எச்சரிக்கை: மெத்தனால் விஷம், எளிதில் தீப்பற்றும். இன்றைய டீசல் கார்களின் இன்ஜெக்டர்கள் நுட்பமானவை, சமையல் எண்ணெயை அப்படியே ஊற்றினால் பழுதாகிவிடும். இதைப் படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

சிறு தொழிலாளி யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கணும் என்று நினைத்துத்தான் டீசல் அந்த எஞ்சினைச் செய்யத் தொடங்கினார். எரிபொருளில் அந்தச் சுதந்திரம் ஓரளவு சாத்தியம் என்று வீட்டுக் கொட்டகைக்காரர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் சாலையை யாரும் தனியாகப் போட முடியாது. அதன் செலவில் அவரவர் பங்கு எவ்வளவு, அதை எப்படி வாங்குவது என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு. அடுத்த ஆகஸ்ட் 10-ம் தேதி கடலை எண்ணெய்க் கதை உங்கள் வாட்ஸ்அப்பில் வந்தால், இதையும் சேர்த்து ஃபார்வேர்டு பண்ணுங்க.